சஷிகோ தையல் பழக ஆசை: எந்த வடிவத்தில் ஆரம்பிக்கலாம்?

ஊசிமுனை:
எல்லோருக்கும் வணக்கம். சங்கிலித் தையல், காம்புத் தையல், முடிச்சுத் தையல் எல்லாம் எனக்குப் பழக்கம் உண்டு. சுடிதார் கழுத்துக்கும் தலையணை உறைக்கும் போட்டுக்கொண்டே இருப்பேன். இப்போது மனசு முழுக்க ஜப்பானியச் சஷிகோவில் இருக்கிறது. கருநீலத் துணியில் வெள்ளை நூல், அரிசி அரிசியாகத் தையல். அசனோஹா என்கிற சணல் இலை நட்சத்திரம்தான் முதலில் கண்ணில் பட்டது. அதையே ஒரு மேசை விரிப்பு முழுக்கப் போடலாம் என்று இருக்கிறேன்.

வீட்டில் இருக்கும் ஆறு இழை எம்பிராய்டரி நூல் போதுமா? எந்தத் துணி வாங்குவது? பிரேமில் மாட்டித்தான் போட வேண்டுமா? எடுத்த எடுப்பில் அசனோஹா போடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நிஷிகசாய் வாசி:
பிரேம் வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. சஷிகோ போடும்போது ஊசி அதிகம் அசையாது, துணிதான் அசையும். வலது கை ஊசியைப் பிடித்திருக்கும். இரண்டு கையும் துணியை மாற்றி மாற்றி மேலும் கீழும் ஆட்ட, ஊசி தானாக ஏறி இறங்கும். நாலைந்து தையல் ஊசியில் சேர்ந்ததும் ஒரே இழுப்பு. இங்கே ஜப்பானில் இதை உன்ஷின் என்பார்கள். கிமோனோ தைக்கப் பழகுகிறவர்களுக்கும் முதல் பாடம் இதுதான். துணி பிரேமில் விறைத்து நின்றால் இந்த ஆட்டத்துக்கே இடமில்லை. ஒவ்வொரு தையலாக மேலே குத்தி, கீழே போய் வாங்கி, மறுபடி மேலே வந்தால் கோடு நெளியும்.

ஊசி நீளமானது, ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர். முனை கூர்மையாக, காது பெரிதாக இருக்கும். நீளம் இருந்தால்தான் நாலைந்து தையலை ஒன்றாக ஏற்ற முடியும். நடுவிரலின் அடியில் மாட்டும் ஒரு வளையம் உண்டு, உள்ளங்கைப் பக்கம் வட்டத் தகடு வைத்தது. ஊசியின் காதுப் பக்கம் அந்தத் தகட்டில் முட்டி நிற்க, உள்ளங்கையால் தள்ளலாம். நாம் விரல் நுனியில் மாட்டும் உறையை வைத்து இதைச் செய்ய வராது. வளையம் கிடைக்காவிட்டால் ஒரு தோல் துண்டை உள்ளங்கையில் வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள், வேலை நடக்கும்.

நூல் விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள். சஷிகோ நூல் முழுப் பருத்தி, லேசாக முறுக்கியது, பளபளப்பு இல்லாதது. பல இழை சேர்ந்து ஒரே நூலாக உருண்டு நிற்கும். ஆறு இழை எம்பிராய்டரி நூல் பிரிந்து பிரிந்து தட்டையாகப் படுத்துவிடும், மினுக்கும் கூடுதல். வேறு வழியில்லை என்றால் பேர்ல் காட்டன் எட்டாம் எண் வாங்குங்கள். முறுக்கும் மினுக்கும் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் பிரியாது. ஜப்பான் நூலே வேண்டும் என்றால் ஒலிம்பஸ், தாருமா இரண்டும் இங்கே எல்லாக் கைவேலைக் கடையிலும் இருக்கும். யாராவது டோக்கியோ வந்தால் நிப்போரி துணிக்கடை வீதியில் ஒரு நடை நடக்கச் சொல்லுங்கள்.

துணி நெருக்கமான நெசவாக இருக்கக் கூடாது. பாப்ளின், படுக்கை விரிப்புத் துணி எல்லாம் இந்தத் தடி நூலுக்கு வழிவிடாது. ஒவ்வொரு இழுப்புக்கும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். இங்கே பழகுகிறவர்கள் சராஷி என்ற வெள்ளைப் பருத்தித் துணியை இரண்டாக மடித்துத் தைப்பார்கள். அகலம் முப்பத்து நாலு சென்டிமீட்டர் சுமார். அதைச் சதுரமாக மடித்தால் ஒரு ஃபுகின், அதாவது சமையலறையில் பாத்திரம் துடைக்கும் துணி. அதில் வடிவம் போட்டதைத்தான் ஹனாஃபுகின் என்கிறார்கள். பெரும்பாலானவர்கள் கை பழகுவது அதில்தான். மேசை விரிப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் தோழி, ஒரு ஃபுகின் முடித்துவிட்டு வாருங்கள்.

அசனோஹாவுக்கு வருகிறேன். அது போட முடியாத வடிவம் இல்லை. ஆனால் அதன் ஒவ்வொரு நட்சத்திர நடுவிலும் பன்னிரண்டு கோடுகள் வந்து சேர்கின்றன. பன்னிரண்டு நூலும் ஒரே புள்ளியில் இறங்கினால் அங்கே ஒரு கட்டி நிற்கும். அதனால் எல்லாத் தையலையும் நடுப்புள்ளிக்குச் சற்று முன்பே நிறுத்தி, நடுவில் கடுகளவு வெற்றிடம் விடுவார்கள். நட்சத்திரம் கண் திறந்த மாதிரி இருப்பது அதனால்தான். அந்த வெற்றிடம் எல்லா நட்சத்திரத்திலும் ஒரே அளவாக வர, தையல் அளவு கைக்குள் வந்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் வெறும் நேர்கோடுகள் போட்டுப் பழகுங்கள் என்பேன்.

பாவும் ஊடையும்:
மேலே சொன்னதெல்லாம் சரி. கூடவே இது எதற்காகப் பிறந்த தையல் என்பதையும் சொல்ல வேண்டும், அப்போதுதான் ஏன் தடி நூல், ஏன் தளர்ந்த நெசவு என்று புரியும். எங்கள் வீட்டில் தறி ஓடியது, அதனால் எனக்கு எதையும் துணியிலிருந்து பார்த்தே பழக்கம்.

ஜப்பானின் வடக்கே இருக்கும் தோஹோகு பகுதியில் குளிர் அதிகம், பருத்தி விளையாது. விளைந்தது சணல். சணல் துணி உழைக்கும், ஆனால் இழைகளுக்கு நடுவே காற்று தாராளமாகப் போய்வரும். பனிக்காலத்தில் அதையே உடுத்த வேண்டும். போதாக்குறைக்கு, சுகாரு ஆட்சியாளர்கள் 1724இல் சிக்கனச் சட்டம் போட்டு விவசாயிகள் பருத்தி உடுத்தக் கூடாது என்றார்கள். இன்றைய ஆவோமோரி மாநிலத்தின் மேற்குப் பகுதி அது. பருத்தித் துணிக்குத்தான் தடை. கிடைத்த கொஞ்சம் பருத்தி நூலை வைத்துப் பெண்கள் சணல் துணியின் இடைவெளிகளை அடைத்தார்கள். நீலச் சணல் துணியில் குறுக்கே ஓடும் ஊடையோடு ஊடையாக வெள்ளை நூலை ஓட்டி, தோள், மார்பு, முதுகு என்று சுமை படும் இடங்களை எல்லாம் நிரப்பினார்கள். துணி தடித்தது, காற்று நின்றது, சீக்கிரம் தேயவும் இல்லை. இதுதான் கோகின். வெள்ளை நூல் அழுக்கேறிப்போனால் சட்டையை அப்படியே நீலத் தொட்டியில் முக்கிச் சாயமேற்றி மறுபடி உடுத்தினார்கள். அப்படிச் சாயம் போட்ட பழைய கோகினில் வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால்தான் வடிவம் தெரியும்.

கோகினில் கோடு வரைவதே கிடையாது. நீளவாட்டில் ஓடும் பாவு இழைகளை எண்ணி எண்ணித் தைப்பார்கள்: ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படை எண்ணிக்கை. அதே ஆவோமோரியின் கிழக்கே, நன்பு பகுதியில், ஹிஷிஸாஷி என்ற இன்னொரு வகை. அங்கே இரட்டைப்படை. இந்த ஒரு வித்தியாசத்தால் வடிவமே மாறிவிடுகிறது. கோகினின் வைரம் நெட்டையாக நிற்கும், ஹிஷிஸாஷியின் வைரம் பக்கவாட்டில் அகன்று படுக்கும். துணியைப் பார்த்தவுடனே எந்தப் பக்கத்து வேலை என்று சொல்லிவிடலாம். மூன்றாவது பெரிய மரபு தெற்கே யமகதாவில், ஷோனாய் சஷிகோ. சஷிகோ பழகுகிறவர்கள் இந்த மூன்றையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்கள், அது எனக்கு வருத்தம்.

ஊசிமுனை:
இவ்வளவு இருக்கிறதா! கோகின் சின்ன வடிவங்களுக்குப் பெயர் உண்டா அண்ணா?

பாவும் ஊடையும்:
உண்டு அம்மா. சின்ன அலகு ஒவ்வொன்றையும் மொதோகோ என்பார்கள். பெயர்கள் எல்லாம் அந்த ஊர்ப் பேச்சிலேயே இருக்கும்: மாமேகோ என்றால் அவரை விதை மாதிரி ஒரு சின்னப் புள்ளி, ஹனாகோ சின்னப் பூ, நேகோ நோ மனாகு பூனைக்கண், தேகொனாகோ வண்ணத்துப்பூச்சி. வீட்டைச் சுற்றிப் பார்த்ததையே பெயராக வைத்திருக்கிறார்கள். 1891இல் ரயில் பாதை ஆவோமோரி வரை வந்து பருத்தி சுலபமாகக் கிடைக்க ஆரம்பித்ததும் கோகின் மெல்ல மறைந்தது, அடைக்க வேண்டிய ஓட்டைத் துணியே இல்லாமல் போயிற்றே. பிறகு யானகி சோஎட்சுவும் அவரோடு நின்ற நாட்டார் கைவினை இயக்கமும் அதை மீண்டும் பேச வைத்தார்கள். ஹிரோசாகி நகரில் இன்றும் கோகின் ஆய்வு நிலையம் இயங்குகிறது. அது இருப்பது மயேகவா குனியோ என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1932இல் கட்டிய கட்டடத்தில், அவருடைய முதல் படைப்பு.

கட்டத்தாள்:
நான் கணக்கு ஆசிரியர். நிஷிகசாய் வாசி நேர்கோட்டில் ஆரம்பியுங்கள் என்கிறார், நான் ஹிதோமேஸாஷியில் ஆரம்பிக்கச் சொல்வேன். என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இதைத்தான் காட்டுகிறேன்.

சஷிகோவில் வரைந்து போடுவது இரண்டு வகை. அசனோஹா மாதிரி கோட்டின் மேல் ரன்னிங் ஸ்டிச் ஓட்டி உருவம் கொண்டுவருவது மொயோஸாஷி. கட்டம் போட்டு, ஒரு கட்டத்துக்கு ஒரு தையல் என்று ஓட்டுவது ஹிதோமேஸாஷி. இரண்டாவது வகையில் நீங்கள் உருவத்தை வரையவே வேண்டாம், கட்டம் மட்டும் போதும். ஐந்து மில்லிமீட்டர் கட்டம் வசதியானது. கிடைக்கோடு முழுக்க ஓட்டுங்கள்: ஒரு கட்டம் மேலே, ஒரு கட்டம் கீழே. எல்லாக் கிடைக்கோடும் முடிந்த பிறகு செங்குத்துக் கோடுகள். உங்கள் கையில் இருக்கும் முடிவு ஒன்றே ஒன்றுதான்: ஒவ்வொரு கோட்டையும் மேல் தையலில் தொடங்குவதா, கீழ்த் தையலில் தொடங்குவதா.

கிடையிலும் செங்குத்திலும் எல்லாக் கோட்டையும் மேலே தொடங்கிப் பாருங்கள், தனித்தனிச் சதுரங்கள் வரும். ஒன்று மேலே, அடுத்தது கீழே என்று இரண்டு திசையிலும் மாற்றி மாற்றித் தொடங்குங்கள், துணி முழுக்கச் சாய்வாக இறங்கும் படிக்கட்டுகள் வரும். அதற்கு டான் ட்சுனாகி என்று பெயர். நோட்டில் ஒரு பக்கம் போட்டுப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் புரிந்துவிடும். மேல், கீழ் தொடக்கங்களைக் குறிப்பிட்ட ஒழுங்கில் கலந்தால் காகி நோ ஹனா, அதாவது சீமைப்பனிச்சைப் பூ விரியும். தைக்கிறவர் அந்தப் பூவின் ஓர் இதழைக்கூடத் தனியாகத் தைப்பதில்லை. கிடைக்கோடுகள் மட்டும் முடிந்த நிலையில் துணியைப் பார்த்தால் வெறும் புள்ளிக்கோடுதான் இருக்கும். செங்குத்துக் கோடு மூன்று நான்கு போன பிறகு பூ எழுந்து வரும். முதல்முறை அதைப் பார்க்கும் பிள்ளைகளின் முகத்துக்காகவே நான் இதைச் சொல்லிக்கொடுக்கிறேன்.

கிடைத் தையலும் செங்குத்துத் தையலும் நடுவில் வெட்டிக்கொண்டால் கூட்டல் குறி. அது ஜூஜி. அதன் மேல் சாய்கோடுகள் இரண்டும் ஓட்டினால் கோமேஸாஷி, அரிசியைக் குறிக்கும் ஜப்பானிய எழுத்தின் உருவம். நிரவி அடர்த்தியாகப் போட்டால் துணி நன்றாகத் தடிக்கும்.

நிஷிகசாய் வாசி:
கட்டத்தாள் சார், உங்கள் வழியும் நல்ல வழிதான், ஆனால் ஹிதோமேஸாஷியில் ஒரு சங்கடம். ஒரு கட்டம் தவறினால் அந்தக் கோடு முழுக்கத் தவறு, பிரித்துத்தான் ஆக வேண்டும். மொயோஸாஷியில் தையல் சற்று முன்பின் ஆனாலும் கண் மன்னித்துவிடும். புதிதாக வருகிறவருக்கு அந்த மன்னிப்பு தேவை.

அப்புறம் தையல் அளவு. மேலே தெரிவது மூன்று பங்கு, அடியில் போவது இரண்டு பங்கு. மூன்று மில்லிமீட்டர் மேலே, இரண்டு மில்லிமீட்டர் கீழே என்று வைத்துக்கொண்டால் சென்டிமீட்டருக்கு இரண்டு தையல். மேலும் கீழும் சமமாகப் போட்டால் கோடு அறுந்து அறுந்து தெரியும். இது மொயோஸாஷிக்கு மட்டும். ஹிதோமேஸாஷியில் கட்டம் சொல்வதுதான் அளவு.

இரண்டு இடங்களைக் கவனியுங்கள். மூலை வந்தால் ஒரு தையல் மிகச் சரியாக மூலையில் முடிய வேண்டும், இல்லாவிட்டால் கூர்மை போய்விடும். அதற்காக முன்னாலுள்ள இரண்டு மூன்று தையலை லேசாகக் கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டலாம். கோடும் கோடும் வெட்டும் இடத்தில் மேல் பக்கம் நூல் மேல் நூல் ஏறக் கூடாது. வெட்டும் புள்ளி அடித் தையலில் வரும்படி பாருங்கள். இந்த இரண்டும் இருந்தால் சாதாரணக் கை போட்டதும் பளிச்சென்று இருக்கும்.

ஊசிமுனை:
பேர்ல் காட்டனும் காடாத் துணியும் வாங்கி, இரண்டாக மடித்துப் பத்துப் பதினைந்து நேர்கோடு போட்டுவிட்டேன். தையல் அளவு பரவாயில்லை. ஆனால் துணி முழுக்கச் சுருக்கம். இஸ்திரி போட்டும் போகவில்லை. நூலை நான் இழுத்துப் பிடிக்கவே இல்லையே, பிறகு ஏன்?

நிஷிகசாய் வாசி:
நீங்கள் இழுக்காவிட்டாலும் ஊசியில் நாலைந்து தையல் சேரும்போது துணி மடிந்து குவிகிறது இல்லையா, நூல் போன பிறகு அந்தக் குவிப்பு முழுசாக விரிவதில்லை. ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் நீவ வேண்டும். கோட்டின் தொடக்கத்தை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கைக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்த்துத் தையல் மேலேயே ஊசி இருக்கும் பக்கமாக அழுத்தி நீவிவிடுங்கள். துணி தட்டையாகும், தேவைப்பட்ட நூலை அதுவே இழுத்துக்கொள்ளும். இதற்கு இதோகோகி என்று பெயர். இதை ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும். கோடு முடிந்த பிறகு மொத்தமாகச் செய்தால் பலன் பாதிதான்.

கோட்டின் முடிவில் அடுத்த கோட்டுக்குத் திரும்பும்போது அடியில் நூலை விறைப்பாக விடாதீர்கள், சின்ன வளையமாகத் தளர விடுங்கள். துணி துவைத்துச் சுருங்கும்போது அந்தத் தளர்வுதான் காப்பாற்றும். சொல்ல மறந்தேன், காடாத் துணியைக் கஞ்சி போகத் துவைத்துக் காயவைத்த பிறகு கோடு போட்டீர்களா? துவைக்காத துணி தைத்து முடித்த பிறகுதான் சுருங்கும், நூல் அதே அளவு சுருங்காது.

முடிச்சும் வேண்டாம். தொடங்கும் இடத்திலிருந்து நாலைந்து தையல் தள்ளிப்போய், பின்னோக்கித் தைத்துக்கொண்டு தொடக்கத்துக்கு வாருங்கள். அங்கிருந்து திரும்பி அதே தையல்கள் மேலேயே முன்னோக்கிப் போங்கள். நூல் நூலைப் பிடித்துக்கொள்ளும். முடிக்கும்போதும் இப்படியே.

கருநீலம்:
நடுவில் வருகிறேன். எனக்கு ஜீன்ஸ் ஜாக்கெட்டில் ஒட்டுத்துணி வைத்துச் சஷிகோ போட வேண்டும், அந்தக் கிழிசல் தோற்றம் வேண்டும். புது ஜாக்கெட்டை உரசிக் கிழித்துத்தான் போடலாம் என்று இருக்கிறேன்.

பாவும் ஊடையும்:
தம்பி, உங்கள் துணி, உங்கள் விருப்பம். ஆனாலும் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்லும் தோற்றத்துக்கு மூலம் போரோ. ஒசாகா பக்கத்தில் உடுத்திக் கழித்த பருத்தித் துணிகள் கிதமயேபுனே என்ற சரக்குக் கப்பல்களில் வடக்கே போயின. அந்தக் கந்தலை வாங்கி, ஒட்டு மேல் ஒட்டாக வைத்து, தலைமுறை தலைமுறையாக ஒரே படுக்கை விரிப்பைக் காப்பாற்றினார்கள். வைத்திருந்தவர்களுக்கு அது பெருமை இல்லை, வெளியில் காட்டக் கூசினார்கள். தனாகா சூசபுரோ என்பவர் ஆவோமோரி கிராமங்களில் வீடு வீடாகப் போய்ச் சேர்த்து வைத்ததால்தான் அதில் பெரும்பகுதி மிஞ்சியது. ஒரு துண்டுத் துணியும் வீணாகக் கூடாது என்று பிறந்த வேலைக்காக நல்ல துணியைக் கிழிப்பது எனக்கு ஒப்பவில்லை. வீட்டில் முழங்கால் தேய்ந்த ஜீன்ஸ் கட்டாயம் இருக்கும், அதில் போடுங்கள். தேய்ந்த ஜீன்ஸில் ஊசியும் நன்றாக இறங்கும்.

கருநீலம்:
சரி அண்ணா, அப்பாவின் பழைய பேன்ட் ஒன்று இருக்கிறது. அதில் போடுகிறேன். முழங்காலுக்கு எந்த வடிவம் தாங்கும்?

கட்டத்தாள்:
ஜூஜி அல்லது கோமேஸாஷி. நான்கு திசையிலும் நூல் போவதால் எந்தப் பக்கம் இழுத்தாலும் தாங்கும். உள்ளே ஒட்டுத்துணியை நன்றாகப் பெரிதாக வையுங்கள், தேயாத துணி வரை தையல் போய் முடியட்டும். தேய்ந்த இடத்தின் விளிம்பிலேயே நிறுத்தினால் அங்கேயே மறுபடி கிழியும். எடோ நகரத்து, அதாவது அந்தக் கால டோக்கியோவின், தீயணைப்பு வீரர்களின் மேலங்கியும் இப்படிப் பல அடுக்குப் பருத்தியைச் சேர்த்து நெருக்கமாகத் தைத்ததுதான். தண்ணீரில் நனைத்துப் போட்டுக்கொண்டு நெருப்புக்குள் போவார்கள். உள்பக்கம் டிராகன், வீரர் என்று அட்டகாசமான ஓவியம் இருக்கும். நெருப்பை அணைத்த பிறகு அங்கியைப் புரட்டி ஓவியத்தை வெளியே காட்டி நடப்பார்கள்.

ஊசிமுனை:
நீவியதும் சுருக்கம் போய்விட்டது. நன்றி அக்கா! அடுத்து ஷிப்போ போடலாமா? வட்டங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இருக்குமே, அது. ஒவ்வொரு வட்டமாகப் போடுவதா?

நிஷிகசாய் வாசி:
போடலாம், ஆனால் வட்டம் வட்டமாகப் போடாதீர்கள். இரண்டு சென்டிமீட்டர் கட்டம் வரைந்து, ஒன்றுவிட்டு ஒரு புள்ளியை மையமாக வைத்து நாலு சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டங்கள் வரையுங்கள். அடுத்த வரிசையில் மையங்கள் ஒரு கட்டம் தள்ளி வரட்டும். இப்போது உற்றுப் பாருங்கள். ஒரு வட்டத்தின் மேல் வளைவும் பக்கத்து வட்டத்தின் கீழ் வளைவும் சேர்ந்து துணியின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை அலையாகப் போகும். அந்த அலையைத்தான் தைக்க வேண்டும். கிடை அலைகள் எல்லாம் முடித்து, அப்புறம் செங்குத்து அலைகள். வட்டம் தானாகக் கூடிவிடும். ஒரு வட்டத்தையே சுற்றினால் நூல் அடிக்கடி திரும்பும், அடிப்பக்கம் குப்பையாகும், துணியும் ஒரு பக்கம் இழுக்கும்.

எந்த வடிவத்தை எடுத்தாலும் முதலில் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: ஓரத்திலிருந்து ஓரத்துக்குப் போகும் நீளமான பாதை எது? அசனோஹாவிலும் நட்சத்திரம் நட்சத்திரமாக யாரும் போடுவதில்லை. மூன்று திசை நேர்கோடுகள் முதலில், மடங்கி மடங்கிப் போகும் கோடுகள் பிறகு. ஷிப்போ முடித்த கைக்கு அசனோஹா பயமுறுத்தாது. மேசை விரிப்பை அப்போது தொடங்குங்கள்.

கருநீலம்:
இருட்டு நிறத் துணியில் கோடு எப்படிப் போடுவது? பென்சில் தெரியவே இல்லை.

கட்டத்தாள்:
வெள்ளைத் தையல்காரச் சாக்கட்டி, அல்லது துணிக்கென்றே விற்கும் வெள்ளை நகல் தாள். கடையில் ரசீதுக்கு வைக்கும் கார்பன் தாள் வேண்டவே வேண்டாம், துவைத்தாலும் போகாது. தண்ணீரில் அழியும் பேனா என்றால், கோடு முழுசாக அழியும் முன் இஸ்திரி வைக்காதீர்கள், சூடு பட்டால் சில மைகள் நிரந்தரமாகிவிடும். சூட்டில் மறையும் பேனா இன்னொரு வகை. குளிர்ந்த இடத்தில் வைத்தால் மறைந்த கோடு திரும்பி வரும்.

வீட்டுத்தோட்டம்:
இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். 2011 சுனாமிக்குப் பிறகு இவாதே மாநிலத்தின் ஓட்சுசி ஊரில், முகாமில் இருந்த பெண்கள் சஷிகோ தைத்து விற்க ஆரம்பித்தார்களே, அதை யாரும் சொல்லவில்லையே. முகாமில் ஆளுக்குக் கிடைத்த கொஞ்ச இடத்தில் செய்யக்கூடிய வேலை அது. ஊசி, நூல், ஒரு துணி போதும், சத்தமும் வராது. அந்தத் திட்டம் பிறகும் தொடர்ந்தது.

எனக்கும் ஒரு கேள்வி. நீலத் துணியில் வெள்ளை நூல் போட்டுத் துவைத்தால் நூலில் நீலம் ஏறாதா?

நிஷிகசாய் வாசி:
ஏறும். அதனால் தைப்பதற்கு முன்பே துணியை மட்டும் தனியாக, தண்ணீர் தெளியும்வரை அலசிவிடுங்கள். ஓர் ஈர வெள்ளைத் துணியை அதன் மேல் வைத்து அழுத்திப் பாருங்கள், நீலம் ஒட்டாவிட்டால் தைக்கலாம். தைத்த பிறகு குளிர்ந்த தண்ணீரில், கையால், ஊறவைக்காமல் துவையுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம். துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் விரித்துக் காயப்போடுங்கள். ஊசிமுனை, உங்கள் ஷிப்போ முடிந்ததும் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்துப் போடுங்கள். பின்பக்கத்தைப் பார்த்தால்தான் நீங்கள் போன பாதை தெரியும்.

ஊசிமுனை:
கண்டிப்பாக அக்கா. கட்டம் வரைந்துவிட்டேன், கிடை அலை மூன்று முடிந்திருக்கிறது. வரிசையின் கடைசியில் அரை வட்டம் வருகிறதே, அங்கே அலையைத் துணி ஓரம் வரை கொண்டுபோய் நிறுத்தவா, அரை சென்டிமீட்டர் முன்பே திருப்பவா?

நிஷிகசாய் வாசி:
முன்பே திருப்புங்கள். நாலு பக்கமும் அரை சென்டிமீட்டர் விட்டு ஒரு நேர்கோட்டுச் சட்டம் ஓட்டி, அலைகள் எல்லாம் அந்தச் சட்டத்தைத் தொட்டுத் திரும்பட்டும்.